காற்று நின்றால் எது யார் கொடி?

ஆகஸ்ட் மாதத்துப் பிற்பகலில், காற்றே இல்லாத நேரத்தில், கம்பத்தில் தொங்கும் நம் சிங்கப்பூர் தேசியக் கொடியைப் பாருங்கள். பிறையும் ஐந்து நட்சத்திரங்களும் மடிப்புக்குள் போய்விடும். மிஞ்சுவது கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் வெள்ளை. பக்கத்தில் இந்தோனேசியக் கொடியும் அப்படியே தொங்கினால், நூறு மீட்டர் தள்ளி நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். அமைதிக் காலத்தில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. துப்பாக்கியோடு நிற்கிறவனுக்குத்தான் இது உயிர்ப் பிரச்சினை.

1861 ஜூலை 21, வர்ஜீனியா, மனாசஸ். அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் பெரிய சண்டை. நாட்டிலிருந்து பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் படைத்தளபதி போரகார்ட், தன் இடப்பக்கமாக ஒரு படைவரிசை வருவதைத் தொலைநோக்கியில் பார்த்தார். அவர்கள் கையிலிருந்த கொடி காற்றில்லாமல் கம்பத்தோடு ஒட்டிக் கிடந்தது. சிவப்பு தெரிகிறது, வெள்ளை தெரிகிறது, மேலே கம்பத்தோரம் நீலம் தெரிகிறது. வடக்கின் கொடியிலும் அதே மூன்று நிறங்கள், அதே இடங்களில். வருவது எதிரியென்றால் பின்வாங்க வேண்டும். கடைசியில் ஒரு காற்று அடித்துக் கொடி விரிந்தது. வந்தது சொந்தப் படை, ஜூபல் எர்லியின் பிரிகேட். போரகார்ட் பின்னாளில் சொன்ன விவரம் இது. இதற்குப் பிறகுதான் சண்டைக்கென்று தனிக்கொடி வேண்டும் என்று அவர் விடாப்பிடியாக நின்றார்.

உள்நாட்டுப் போரின் கொடிச் சிக்கலே இதுதான். அந்நிய நாட்டோடு சண்டையென்றால் அவன் கொடி வேறு, நம் கொடி வேறு. ஒரே நாடு இரண்டாகப் பிளக்கும்போது இரு தரப்புக்கும் பழைய கொடிமீது பாசம் இருக்கும். பிரிந்து போகிறவனும் பழைய கொடியைப் போலவே ஒன்றைச் செய்துகொள்வான், பிறகு போர்க்களத்தில் அதன் விலையைக் கொடுப்பான்.

தெற்கின் முதல் தேசியக் கொடி அப்படிப் பிறந்ததுதான். 1861 மார்ச் 4 அன்று அலபாமாவின் மான்ட்காமரியில் ஏற்றினார்கள். ஏற்றியவர் முன்னாள் அதிபர் ஜான் டைலரின் பேத்தி லெட்டீஷியா டைலர். சிவப்பு, வெள்ளை, சிவப்பு என்று மூன்று அகலப் பட்டைகள், மூலையில் நீலக் கட்டம், அதில் வட்டமாக ஏழு நட்சத்திரங்கள். மாநிலங்கள் சேரச் சேர நட்சத்திரம் கூடி, அந்த ஆண்டு முடிவதற்குள் பதின்மூன்று ஆனது. உண்மையில் பிரிந்தவை பதினொன்றே. மிசூரியிலும் கென்டக்கியிலும் போட்டி அரசாங்கம் அமைத்தவர்களை நம்பி அந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டார்கள்.

கொடிக்குழுவின் தலைவர் வில்லியம் போர்ச்சர் மைல்ஸுக்கு இந்தக் கொடி ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. அவர் வரைந்து வைத்திருந்தது வேறு: சிவப்புத் தரையில் மூலைக்கு மூலை ஓடும் நீலச் சிலுவை, பெருக்கல் குறி மாதிரி. பட்டைகள் மேல் வெள்ளை நட்சத்திரங்கள். முதலில் நேர்ச்சிலுவையாகத்தான் நினைத்திருந்தார். சார்ல்ஸ் மொய்ஸ் என்ற தென்னக யூதர், ஒரு மதத்தின் சின்னத்தை எல்லாருக்கும் பொதுக்கொடியாக்க வேண்டாம் என்று எழுதவே, சிலுவையைச் சாய்த்தார். குழுவில் இருந்தவர்களோ கால்சட்டையைத் தாங்கும் தோள்வார் போலிருக்கிறது என்று கேலிசெய்து தள்ளிவிட்டார்கள். மனாசஸுக்குப் பிறகு போரகார்டும் மைல்ஸும் அந்தப் படத்தை மறுபடி வெளியே எடுத்தார்கள்.

இந்த வடிவம் ஏன் வேலை செய்தது என்பதை ஒரு கைக்குட்டையில் வரைந்து பார்த்தால் புரிந்துவிடும். படுக்கைப் பட்டைகள் உள்ள கொடி தொங்கும்போது பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று மடிந்து கலவையாகிவிடும். மூலைக்கு மூலை ஓடும் பட்டையோ எப்படி மடிந்தாலும் சாய்வாக எங்காவது எட்டிப் பார்க்கும். நான்கு மூலையில் எது வெளியே தெரிந்தாலும் சிவப்புக்குள் நீலச் சாய்வு ஒன்று இருக்கும். நீலத்துக்கும் சிவப்புக்கும் நடுவே ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடும் அலங்காரத்துக்கு வைத்தது அன்று. இரண்டும் அடர்நிறம், நேரடியாக ஒட்டினால் புகையில் ஒரே கறையாகத் தெரியும். கொடியின் நகல் செய்பவர்கள் வேலை மிச்சமென்று இந்தக் கோட்டை விட்டுவிடுவதுண்டு. பத்து அடி தள்ளி நின்று பார்த்தாலே கொடி செத்துப்போனது தெரியும்.

அளவைச் சொன்னவர் தளபதி ஜோசப் ஜான்ஸ்டன். சதுரமாக இருக்கட்டும் என்றார்: காலாட்படைக்குப் பக்கம் 48 அங்குலம், பீரங்கிப்படைக்கு 36, குதிரைப்படைக்கு 30. 48க்கு 72 என்று நீள்சதுரமாக வெட்டுவதோடு ஒப்பிட்டால் மூன்றில் ஒரு பங்கு துணி மிச்சம். துணிக்கே திண்டாடிய தெற்குக்கு அது பெரிய விஷயம். 1861 நவம்பர் 28 அன்று சென்டர்வில்லில் முதல் கொடிகள் படைக்கு வழங்கப்பட்டன. பட்டுத்துணி, பன்னிரண்டு நட்சத்திரங்கள். தேவையான சிவப்புப் பட்டு கிடைக்காமல் இளஞ்சிவப்பில் தைத்தவையும் அவற்றில் உண்டு. மழையிலும் வெயிலிலும் பட்டு கிழியத் தொடங்கியதும், 1862இலிருந்து தெற்கின் தலைநகர் ரிச்மண்டிலிருந்த ராணுவக் கிடங்கு கம்பளிப் பன்டிங்குக்கு மாறியது. கப்பல் கொடிக்கென்றே நெய்யும் தளர்ந்த கம்பளித் துணி அது. நனைந்தாலும் சீக்கிரம் காயும், மெல்லிய காற்றுக்கே எழும். தெற்கிடம் அதற்கு ஆலை இல்லை. வர்ஜீனியாவின் காஸ்போர்ட் கடற்படைத் தளத்தைப் பிடித்தபோது அகப்பட்ட இருப்பையும், முற்றுகையைத் தாண்டி இங்கிலாந்திலிருந்து வந்ததையும் வைத்து ஓட்டினார்கள்.

மேற்குக் களத்தில் ஒவ்வொரு தளபதிக்கும் ஒரு கொடி. ஹார்டியின் படைக்கு நீலத்தில் வெள்ளை வட்டம், வான் டோர்னின் படைக்குச் சிவப்பில் பிறையும் நட்சத்திரங்களும். இன்று டி-ஷர்ட்டிலும் பெல்ட் பக்கிளிலும் ‘தெற்கின் தேசியக் கொடி’ என்று விற்கும் நீள்சதுரச் சிலுவைக் கொடி, ஒருநாளும் தெற்கின் தேசியக் கொடியாக இருந்ததில்லை. அது படைக்கொடியின் ஒரு வகை, கடற்படை முகப்புக்கொடியின் சாயல்.

தேசியக் கொடி வேறு வழியில் போனது. 1863 மே 1 அன்று இரண்டாவது கொடி சட்டமானது: முழுக்க வெள்ளை, மூலையில் மட்டும் அந்தச் சிலுவைச் சதுரம், அகலத்தைப்போல் இரு மடங்கு நீளம். வெளியான சில நாட்களிலேயே தெற்கின் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சனின் சவப்பெட்டிமேல் போர்த்தப்பட்டது. வடிவமாகப் பார்த்தால் இது முதல் கொடியைவிட மோசம். காற்று நின்றால் மூலைச் சதுரம் மடிப்பில் ஒளிந்து, வெறும் வெள்ளைத் துணி தொங்கும். போர்க்களத்தில் வெள்ளைத் துணிக்கு ஒரே பொருள்தான். அந்த வெள்ளைக்குக் காரணம் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சவானா நகரப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் தாம்சன் இதை வெள்ளை இனத்தின் கொடி என்றே பாராட்டி எழுதினார். அடிமைமுறையைக் காக்கப் பிரிந்த ஒரு நாட்டின் கொடி, அதைத் தன் நிறத்திலேயே சொன்னது. இங்கே நம் பிள்ளைகள் அந்தச் சிலுவைச் சின்னம் போட்ட சட்டையை வெறும் ஸ்டைல் என்று நினைத்து வாங்கினால் இதைச் சொல்லுங்கள்.

1865 மார்ச் 4 அன்று வெள்ளையின் பறக்கும் ஓரத்தில் ஒரு சிவப்புப் பட்டை சேர்த்துத் தவறைத் திருத்தினார்கள். அடுத்த மாதமே தெற்கின் தளபதி லீ சரணடைந்தார்.

வடக்கின் கதை வேறு மாதிரி. பிரிந்த மாநிலங்களின் நட்சத்திரங்களை எடுத்துவிடலாமே என்ற பேச்சு எழுந்தபோது லிங்கன் சம்மதிக்கவில்லை. எடுத்தால் பிரிவினையை ஒப்புக்கொண்டதாகிவிடும். எண்ணிக்கை ஏறியதே தவிர இறங்கவில்லை. 1818ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதிய மாநிலத்தின் நட்சத்திரம் அடுத்து வரும் ஜூலை 4 அன்றுதான் கொடிக்கு வரும். கான்சாஸ் 1861 ஜனவரியிலேயே மாநிலமாகிவிட்டது, ஆனால் ஏப்ரலில், போர் தொடங்கிய சம்டர் கோட்டையில் குண்டடி பட்ட கொடியில் 33 நட்சத்திரங்களே. அந்த ஜூலை 4 முதல் 34. மேற்கு வர்ஜீனியாவுக்காக 1863 ஜூலை 4 முதல் 35, கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்த மறுநாள், விக்ஸ்பர்க் சரணடைந்த அதே நாள். நெவாடாவின் 36ஆவது நட்சத்திரம் 1865 ஜூலையில் வந்தபோது போர் ஓய்ந்திருந்தது. ஆகவே 33, 34, 35 என்ற எண்ணை வைத்தே ஒரு கொடியின் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம். நட்சத்திரங்களை எப்படி அடுக்குவது என்பதற்கு மட்டும் 1912 வரை விதி கிடையாது. வரிசை, வட்டம், பெரிய நட்சத்திரத்துக்குள் சிறிய நட்சத்திரங்கள் எல்லாம் உண்டு.

காலாட்படை ரெஜிமென்டுக்கு இரண்டு பட்டுக் கொடிகள்: ஒன்று தேசியக் கொடி, இன்னொன்று கழுகுச் சின்னம் வரைந்த நீலக் கொடி. கம்பத்தோரம் 6 அடி, நீளம் 6 அடி 6 அங்குலம், ஓரத்தில் மஞ்சள் குஞ்சம். கம்பம் ஈட்டிமுனையோடு 9 அடி 10 அங்குலம். இவ்வளவு பெரிதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. புகைக்குள் ஆணை காதில் விழாது. கொடி எங்கே போகிறதோ அங்கே ரெஜிமென்ட் போகும், கொடி நின்றால் நிற்கும். எதிரியும் அதைப் பார்த்துத்தான் சுடுவான். கெட்டிஸ்பர்க்கின் முதல் நாளில் வட கரோலினாவின் 26ஆவது ரெஜிமென்டில் கொடியைத் தூக்கியவர்கள் பன்னிரண்டுக்கும் மேற்பட்டவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சுடப்பட்டார்கள். 1863 ஜூலை 18 அன்று வாக்னர் கோட்டைத் தாக்குதலில், அடிமையாகப் பிறந்த வில்லியம் கார்னி, கொடி ஏந்தியவர் விழுந்ததும் அதை எடுத்துக்கொண்டு, பல காயங்களோடு தவழ்ந்து திரும்பினார். கொடி தரையில் படவில்லை என்பதுதான் அவர் தோழர்களிடம் சொன்னது. இதற்கான வீரப் பதக்கம் அவர் கைக்கு வந்தது 1900இல்.

பள்ளிக் கண்காட்சிக்கோ மேடைக்கோ 34 நட்சத்திரக் கொடியை முழு அளவில் தைக்க நினைப்பவர்களுக்குக் கணக்கு இதோ. 6 அடி என்றால் 183 செ.மீ. பதின்மூன்றால் வகுத்தால் ஒரு பட்டை 14.1 செ.மீ. பலரும் 14 செ.மீ. என்றே வெட்டிவிடுவார்கள், அங்கேதான் கோட்டை விடுவது. ஒவ்வொரு தையலும் இரு பக்கமும் 1.25 செ.மீ. விழுங்கும். பதின்மூன்று பட்டைக்குப் பன்னிரண்டு தையல், மொத்தம் 30 செ.மீ. காணாமல் போகும், கொடி குட்டையாகிவிடும். எனவே வெட்டும் அகலம் 16.6 செ.மீ.

துணி 115 செ.மீ. அகலப் பருத்தி போதும். அரப் ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். கம்பளிப் பன்டிங்கைத் தேடி அலைய வேண்டாம். பட்டைகளை நீளவாக்கில் வெட்டினால் அந்த அகலத்தில் ஆறுதான் வரும். வெள்ளைப் பட்டை ஆறு, அதற்கு 2.25 மீட்டர் சரியாகப் போகும். சிவப்பு ஏழு. அந்த ஒரு ஏழாவது பட்டைக்காகவே இன்னும் ஒன்றரை மீட்டர், ஆக 3.75 மீட்டர் வாங்க வேண்டும். நீலம் முக்கால் மீட்டர். நட்சத்திரத்துக்கு வெள்ளை தனியாக ஒரு மீட்டர். வெட்டுமுன் எல்லாவற்றையும் ஊறவைத்து அலசிக் காயவையுங்கள், சிவப்பைத் தனி வாளியில், தண்ணீர் தெளியும்வரை. இதைத் தவிர்த்தால் முதல் மழையிலேயே வெள்ளைப் பட்டை ரோஜா நிறமாகும், பட்டைகள் வெவ்வேறு அளவில் சுருங்கி ஓரம் அலையடிக்கும்.

நீலக் கட்டம் மேலிருந்து ஏழு பட்டை ஆழம், அதாவது 98.5 செ.மீ. அகலத்துக்குக் கோட்டைக் கொடி விதி கொடி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்கிறது, அப்படியென்றால் 66 செ.மீ. ரெஜிமென்ட் கொடிகளில் இது தைத்தவர் கைக்கேற்ப மாறியிருக்கும். ஆகவே மேலே ஏழு குட்டைப் பட்டைகள், அவற்றில் சிவப்பு நான்கு, வெள்ளை மூன்று. கீழே ஆறு முழுப் பட்டைகள். முதலில் குட்டைப் பட்டைகள் ஏழையும் ஒன்றாகத் தைத்து நீலக் கட்டத்தோடு இணையுங்கள். பிறகு கீழ்ப் பாதி. கடைசியில் இரண்டு பாதியையும் ஒரே நீளத் தையலில் சேருங்கள். வரிசை மாறினால் நீலக் கட்டத்தின் கீழ்மூலையில் சுருக்கம் விழும், இஸ்திரிப் பெட்டியால் அது போகாது. தையல் ஓரங்களை ஒன்றுக்குள் ஒன்று மடக்கி இரட்டை வரி அடிக்கச் சொல்லுங்கள். தேக்கா நிலையத்தின் மாடியில் தைப்பவர்களுக்கு ஜீன்ஸ் தொடைத் தையல் என்று காட்டினால் போதும்.

நட்சத்திரத்துக்கு 7 செ.மீ. விட்டத்தில் வட்டம் வரைந்து, 72 பாகைக்கு ஒரு புள்ளியாக ஐந்து வைத்து, ஒன்றுவிட்டு ஒன்றைக் கோட்டால் இணைத்தால் வந்துவிடும். உள்மூலைகள் சரியாக வந்தனவா என்று பார்க்க, அவை மையத்திலிருந்து வெளிமுனைத் தூரத்தில் 0.38 பங்கில் இருக்க வேண்டும். கண்ணளவில் வெட்டினால் நட்சத்திரம் தொப்பை போட்டு உப்பும். வரிசைக்கு 7, 7, 6, 7, 7 என்று அடுக்கினால் 34 வரும். மடிப்புக்கு அரை செ.மீ. கூடுதலாக விட்டு வெட்டி, உள்மூலையில் சிறு கத்திரி வெட்டு ஒன்று போட்டால்தான் துணி மடங்கும்.

பழைய கொடி என்று யாராவது விலைக்குக் காட்டினால், மெஷின் தையல் இருக்கிறதே என்று மட்டும் பார்த்துப் போலி எனத் தள்ளிவிடாதீர்கள். தையல் இயந்திரத்துக்கு ஹோ வாங்கிய காப்புரிமை 1846, சிங்கரின் இயந்திரம் 1851. போர்க்காலத்தில் மெஷின் இருந்தது. நூலைப் பாருங்கள். புறஊதா விளக்கடியில் வெள்ளை நூல் பளிச்சென்று நீலமாக ஒளிர்ந்தால், அதில் இருபதாம் நூற்றாண்டின் வெண்மையூட்டி இருக்கிறது. உதிர்ந்த ஓர் இழையைக் கொளுத்தினால் கம்பளியும் பட்டும் முடி கருகும் வாடை தரும், பருத்தி காகித வாடை தரும், பாலியெஸ்டர் உருகி மணியாகும். அசல் பட்டுக் கொடிகள் பெரும்பாலும் வண்ணம் தீட்டிய எழுத்தோரத்தில்தான் பிளந்திருக்கும். வண்ணம் விறைப்பானது, பட்டு வளையும், இரண்டும் சந்திக்கும் கோட்டில் இழை முறியும். நம் ஊர் ஈரப்பதத்தில் துணியைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். அமிலமற்ற தாளை இடையில் வைத்து அகலமான குழாயில் சுருட்டி, ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் அறையில் வையுங்கள். மடித்து வைத்தால் மடிப்புக்கோடே கிழிசல் கோடாகும்.

இந்தப் போர் நம் வாசலுக்கும் வந்தது. 1863 டிசம்பர் 22 அன்று தெற்கின் போர்க்கப்பல் அலபாமா, இன்றைய கெப்பல் துறைமுகமான அன்றைய நியூ ஹார்பரில் நிலக்கரி ஏற்றியது. தலைவர் ராஃபேல் செம்ஸ். அவருக்குப் பயந்து இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க வணிகக் கப்பல்கள் சிங்கப்பூரில் முடங்கிக் கிடந்தன. தரையில் கொடி யாரென்று சொல்வதற்கு, கடலில் யாரென்று மறைப்பதற்கு. அலபாமாவே தூரத்தில் அமெரிக்கக் கொடியையோ பிரிட்டிஷ் கொடியையோ காட்டி நெருங்கி, கிட்டே வந்தபின் தன் கொடியை ஏற்றும். அன்றைய கடல் வழக்கத்தில் இது அனுமதிக்கப்பட்ட தந்திரம். சுடுமுன் உண்மைக் கொடி மேலே இருக்க வேண்டும், அவ்வளவே.

டிசம்பர் 24 அன்று அலபாமா புறப்பட்டு மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தது. அன்று பிற்பகல் எதிரே ஒரு கப்பல், பிரிட்டிஷ் கொடியோடு. பெயர் ‘மார்டபான்’. மௌல்மேனிலிருந்து சிங்கப்பூருக்கு அரிசி ஏற்றி வந்தது. கொடி பிரிட்டிஷ், உடல் அமெரிக்கன்: நீண்ட மேனி, மெலிந்த பாய்மரங்கள், அமெரிக்கர் விரும்பும் வெண்பாய்கள். கப்பலின் பழைய பெயர் ‘டெக்சன் ஸ்டார்’. மார்டபான் என்பதன் பெயிண்ட் புதிது. அதன் தலைவர் காகிதங்களோடு அலபாமாவுக்கு வர மறுக்கவே, செம்ஸ் தானே படகிறங்கிப் போய் அங்கேயே ஆவணங்களைப் பார்த்தார். கப்பலை உண்மையாக விற்றதற்கான விற்பனைப் பத்திரம் இல்லை. கொடிக்குப் பின்னால் ஓர் உரிமையாளர் இல்லையென்றால் அது வெறும் துணி என்பது அவர் தீர்ப்பு. கப்பலை அரிசியோடு கொளுத்தினார். பிறகு சத்தியம் வாங்கி விசாரித்தபோது, பிடிபடாமல் தப்பிக்கத்தான் கொடியை மாற்றினோம் என்று அந்தத் தலைவரே ஒப்புக்கொண்டார். மறுநாள், கிறிஸ்துமஸ் காலை, மார்டபானின் மாலுமிகளை மலாக்காவில் கரையிறக்கிவிட்டு அலபாமா வடக்கே போனது.